சாகாத பதினெட்டு

— சிரிக்காத கல்காலோ. உன் பல்லைப் பாக்கவா இசியோலோ சந்தைக்கு வண்டி அனுப்பி உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னேன்?

— சிரிக்காம என்ன பண்ணச் சொல்றீங்க கெருபோ டாக்டரம்மா? நீங்களேதான் சொல்றீங்க, நான் குடுத்த பதினெட்டு செம்மறிக்கும் அந்த வெள்ளக் காய்ச்சலை ஊசியில ஏத்தி எட்டு நாளாச்சு, ஒண்ணுகூட தலை சாய்க்கலைன்னு. என் ஆடு! இனிமே சந்தையில எவன் என் முன்னாடி வாயத் திறப்பான்?

— அதுல ஆறு செத்திருக்கணும்.

— எது?

— ஆறு. காதுல விழுந்துச்சா? பன்னெண்டு பிழைக்கணும், ஆறு விழணும். மூணாம் நாளே காய்ச்சல் ஏறியிருக்கணும். இன்னிக்கு எட்டாம் நாள். ஆறும் நின்னு தீவனம் தின்னுது. காலையில ஒண்ணு இன்னொண்ணைப் போட்டு முட்டுது.

— முட்டுச்சா! அப்ப அது நொண்டிச்சியாத்தான் இருக்கும். அவளுக்குப் பக்கத்துல யாரும் தின்னா ஆகாது.

— வாயை மூடு.

— மூடிட்டேன். ஆனா ஒண்ணு சொல்லிட்டு மூடுறேன். ஆடு செத்துப்போச்சுன்னு சட்டையப் பிடிச்சவனை நிறைய பாத்திருக்கேன். ஆடு சாகலைன்னு சட்டையப் பிடிக்கிற ஆளை வல்லாஹி, அல்லா சத்தியமா, இன்னிக்குத்தான் பாக்குறேன். நைரோபியில இதைத்தான் படிச்சுக் குடுத்தாங்களா?

— பிரமாதம். ஆடு மேய்க்கிறவன் என் படிப்பை விசாரிக்கிறான். உக்காரு. அங்க இல்ல, பிளாஸ்டிக் நாற்காலியில. அந்தத் தடியைக் கொண்டுபோய் வெளிய வை.

— தடி என்கூடத்தான் இருக்கும். அது என்ன கடிக்கவா போகுது?

— சரி, தொலை. இப்பக் கேளு. உனக்குப் புரியற மாதிரி சொல்லணும்னு என் தலையில எழுதியிருக்கு. நாலு வருஷமா இந்தக் கட்டடத்துல உக்காந்து நான் ஒரு ஊசி செய்யறேன்.

— தெரியுமே. அரசாங்கம் போடுற ஊசி மாதிரி.

— அது மாதிரி இல்ல! அரசாங்க ஊசியில உயிருள்ள கிருமி இருக்கு. பலம் குறைச்ச கிருமி. அதைச் சினை ஆட்டுக்குப் போட்டா குட்டி கலையுதுன்னுதானே, ஊசி வண்டி தூரத்துல புழுதி கிளப்பினாலே நீங்க எல்லாம் பட்டியோட காட்டுக்குள்ள ஓடுறீங்க?

— ஓடாம? என் மச்சான் வீட்டுல அவங்க வந்துட்டுப் போன மறுவாரம் ஒம்பது குட்டி கலைஞ்சுது. வண்டிக்காரனா வந்து குட்டி போட்டுக் குடுப்பான்?

— என் ஊசியில கிருமியே கிடையாது. டி.என்.ஏ. மட்டும்தான். அந்தக் கிருமியோட மேல்தோல் எப்படி இருக்கும்னு எழுதின ஒரு குறிப்பு. தொடையைச் சிரைச்சு ஊசி போட்டு, அதே இடத்துல ஒரு நொடி மின்சாரம் குடுப்போம். கால் ஒரு தடவை உதறும், அவ்வளவுதான். தசை அந்தக் குறிப்பை உள்ள இழுத்துக்கும், அதைப் படிச்சு அந்தத் தோலைத் தானே செஞ்சு பாக்கும். பின்னாடி நிஜக் கிருமி வந்தா, இவன்தான் அவன்னு உடம்புக்குத் தெரிஞ்சுபோயிடும். குட்டியும் கலையாது.

— அதாவது கறி இல்லாம, குழம்பு வைக்கிற குறிப்பை மட்டும் ஆட்டுக்குள்ள எழுதி வைக்கிறீங்க. அதுக்கு ஷாக் வேற.

— உன் மூளைக்கு அது போதும். பன்னெண்டு ஆட்டுக்கு அந்தக் குறிப்பு. மிச்சம் ஆறுக்கு வெத்து ஊசி. அதே சிரைப்பு, அதே மின்சாரம், உள்ள குறிப்பு மட்டும் இல்ல. அப்புறம் பதினெட்டுக்கும் ஒரே நாள்ல நிஜக் கிருமி. குறிப்பு போனது பிழைச்சு, வெத்து ஊசி போனது செத்தாத்தான் பிழைக்க வச்சது என் ஊசின்னு நான் சொல்ல முடியும். எல்லாமே நின்னா? நான் எதைக் காட்டுவேன்?

— எல்லாம் நிக்குதுன்னு காட்டுங்க! நல்ல சேதிதானே?

— கடவுளே. நான் சுவத்துகிட்ட பேசியிருக்கலாம்.

— சுவரு திருப்பிப் பேசாது. அதுதான் உங்களுக்கு வசதி.

— இந்த மாசக் கடைசியில பணம் குடுக்கறவங்க வந்து உக்காருவாங்க. ஊசி வேலை செய்யுதுன்னு காட்டினா அடுத்த படி. காட்டலைன்னா கதவைச் சாத்திட்டுப் போயிடுவாங்க. மூணு மாசத்துல பெருமழைன்னு வானிலைக்காரங்க கத்திட்டு இருக்காங்க; வெள்ளம் வந்தா கொசு, கொசு வந்தா இந்தக் காய்ச்சல். போன வெள்ளத்துல உங்க மெர்ட்டிப் பக்கம் ஆடு மட்டுமா செத்துச்சு?

— ஆளும் செத்தாங்க. என் அண்ணன் மூக்குல ரத்தம் வாயில ரத்தம்னு வந்து போனான். அதை நீங்க எனக்குச் சொல்லணுமா?

— அப்பச் சிரிக்காத.

— சிரிக்கல. ஆனா என்னை ஏன் கூப்பிட்டீங்க? ஊசியைப் போட்டது உங்க ஆளுங்க. வெத்தும் நிஜமும் மாறிப்போயிருக்கும். உங்க ஆளுங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, அவனுங்க உப்பையும் சக்கரையையும் மாத்திப் போடுற ஆளுங்க.

— அதைத்தான் நானும் நினைச்சேன். ரெண்டு நாளா ஒவ்வொரு புட்டியா எடுத்துப் பாத்தேன். ஒவ்வொருத்தனையும் கூப்பிட்டு வச்சுக் கிழிச்சேன். ஒரு பொண்ணு அழுதுட்டு வேலைய விட்டே போயிட்டா. புட்டி மாறல. கிருமி செத்துப்போச்சான்னு எலிக்கு ஏத்திப் பாத்தேன். எலி மூணே நாள்ல பொட்டுப் பொட்டுன்னு விழுந்துச்சு. கிருமி சரி, ஊசி சரி, கை சரி. மிச்சம் இருக்கறது ஆடு. ஆடு குடுத்தது நீ.

— ஆட்டைக் குறை சொல்லாதீங்க டாக்டரம்மா. என்னை என்ன வேணா சொல்லுங்க. எங்க, கதவைத் திறங்க, நானே உள்ள போய்ப் பாக்குறேன்.

— திறக்கறதா? கிருமி உலாவுற கட்டடம் அது. நானே தலையிலேர்ந்து கால் வரைக்கும் மாட்டிட்டுப் போய், குளிச்சிட்டுத்தான் வெளிய வரேன். நீ அந்த அழுக்குச் செருப்போட போகப் போறியா?

— முகத்தையாவது பாக்குறேனே.

— இந்தத் திரையில பாரு. உள்ள கேமரா இருக்கு. எல்லாம் ஒண்ணு மாதிரித்தான், கறுப்புத் தலை, வெள்ளை உடம்பு. காது நம்பர் இல்லைன்னா எனக்கே தெரியாது.

— ஒண்ணு மாதிரியா! நாலு வருஷம் ஆட்டோட இருந்துட்டு சொல்ற பேச்சா இது? உங்க பிள்ளைங்களும் உங்களுக்கு ஒண்ணு மாதிரித்தான் தெரியுமா? ஏய், அந்தா பாருங்க, அந்தா! தண்ணித் தொட்டிகிட்ட!

— எட்டாம் நம்பர். வெத்து ஊசி.

— எட்டாம் நம்பராம். அவ கோணவாய்ச்சி! எப்படித் தொடையைச் சிரைச்சு வச்சிருக்கீங்க பாவம். அவளுக்கா உங்க காய்ச்சல்? போங்க டாக்டரம்மா. போன வெள்ளத்துல மூக்குல ரத்தம் வழிய மூணு நாள் படுத்துக் கிடந்தவ அவ. முடிஞ்சுதுன்னு நான் கத்தியைத் தீட்டிட்டேன். நாலாம் நாள் எழுந்து நின்னு என் துண்டைப் புடிச்சு மெல்லுறா!

— என்ன சொன்னே?

— துண்டை. நல்ல துண்டு. இதே மாதிரி கட்டம் போட்டது.

— துண்டு இல்ல கல்காலோ. அதுக்கு முன்னாடி. இந்த ஆட்டுக்கு அந்தக் காய்ச்சல் வந்துச்சா?

— இவளுக்கு மட்டுமா? இதோ மூலையில நிக்குறா பாருங்க மூக்கி, அவளுக்கும் வந்துச்சு. நொண்டிச்சிக்கு வந்துச்சு. அந்த வெள்ளத்துல என் பட்டியில செம்மறி மட்டும் அறுபத்தஞ்சு இருந்துச்சு. தண்ணி வடிஞ்சப்போ நின்னது இதுங்கதான். இந்தப் பதினெட்டு.

— பதினெட்டுமா?

— பதினெட்டும்தான். ஒண்ணொண்ணும் சிங்கம்.

— பொய் சொல்ற. நாங்க உன் பட்டிக்கு வந்து ரத்தம் எடுத்தோம். பதினெட்டும் சுத்தம்னு நானே முடிவைப் பாத்தேன். ஒரு தடவை அந்தக் காய்ச்சல் வந்திருந்தாலும் ரத்தம் காட்டிக் குடுத்திருக்கும். பிழைச்ச ஆட்டுக்கு அது மறுபடி வரவும் வராது, ரத்தமும் ஆயுசுக்கும் காட்டிக் குடுக்கும்.

— ரத்தம் பொய் சொல்லாது டாக்டரம்மா. ஆனா நீங்க பாத்தது இதுங்க ரத்தம் இல்லையே.

— பின்ன யாரோடது? உன்னோடதா?

— தலாசோ ஆட்டோடது.

— யாரு தலாசோ?

— என் வீட்டுக்காரி.

— கல்காலோ. மெதுவா சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு. நான் இன்னும் கத்தல.

— கத்தத்தான் போறீங்க, அது முகத்துலயே தெரியுது. உங்க ஆளுங்க வந்த அன்னிக்கு அவ தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தா. பட்டி வாசல்ல முன்னாடி நின்னது அவ ஆடு. அவ அப்பன் மார்சபிட் மலையிலேர்ந்து ஓட்டிவிட்டது, வெள்ளம் வடிஞ்ச அப்புறம், ரெண்டு வருஷம் முந்தி. மலை ஆடு, வெள்ளத்தையே பாக்காதது. உங்க ஆளு என்னைக் கேட்டானா? விறுவிறுன்னு புடிச்சான், குத்தினான், கழுத்துல கயிறு போட்டு நம்பர் தகடைக் கட்டினான்.

— நீ வாயில என்ன வச்சிருந்தே? இது வேணாம், அதைப் புடின்னு சொல்ல வேண்டியதுதானே?

— எப்படிச் சொல்றது? உங்க ஆளுங்க மூணு பேரு, ஊர்க்காரனுங்க நாலு பேரு சுத்தி நிக்குறானுங்க. இது என் பொண்டாட்டி ஆடு, அவகிட்ட கேக்காம நான் விக்க முடியாதுன்னு அத்தனை ஆம்பளை முன்னாடி நான் சொல்லவா?

— அது உண்மைதானே?

— உண்மைதான். அதனாலதான் சொல்லல.

— அழகு. ரொம்ப அழகு. உன் மீசையைக் காப்பாத்த என் நாலு வருஷத்தைக் குப்பையில கொட்டிட்டே.

— அன்னிக்குச் சாயங்காலம் அவ வந்தா. என் ஆட்டுக் கழுத்துல நாய்க் கயிறு கட்டினது எவன்னு கேட்டா. பால் சட்டி என் தலையை உரசிட்டுப் போச்சு. மறுநா காலையில நான் கயித்தை அவுத்து என் ஆட்டுக்குக் கட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. நீங்கதான் காதுல கம்மல் போடலையே, கயிறுதானே கட்டினீங்க?

— இப்ப காதுல போட்டிருக்கற நம்பர் அப்ப மொம்பாசா துறைமுகத்துல கிடந்துச்சு. ஒரு மாசமா கிடந்துச்சு. கயித்தை நீ அவுப்பேன்னு நான் கனவா கண்டேன்?

— நான் ஏமாத்தல டாக்டரம்மா. அதே எண்ணிக்கை, அதே நிறம், அதே வயசு. அதுக்கும் மேல ஒரு குணமும் பாத்துக் குடுத்தேன். காய்ச்சலோட சண்டை போட ஆடு வேணும்னு கேட்டீங்க. சண்டை தெரிஞ்ச ஆடாப் பாத்துக் குடுத்தேன். அதுங்களை அனுப்பிட்டு ரெண்டு நாள் நான் சரியா சாப்பிடல. வேற எவனாவது குடுப்பானா?

— மாட்டான். இந்த வேலைய உன்னை விட்டா உலகத்துல வேற எவனும் பண்ண மாட்டான். முட்டாள். ஏற்கனவே ஜெயிச்சவனைக் கொண்டாந்து நிறுத்திட்டு, ஜெயிச்சதுக்குக் காரணம் என் ஊசியான்னு கேக்கச் சொல்றே. பன்னெண்டு நின்னதும் என் ஊசியால இல்ல, ஆறு நின்னதும் யாராலயும் இல்ல. எனக்கு ஒண்ணுமே தெரியாது. தையல் ஊசிக்கும் என் ஊசிக்கும்கூட வித்தியாசம் தெரியாது!

— திட்டுங்க. நான் வாங்கிக்கிறேன். ஒண்ணு மட்டும் கேக்கலாமா?

— கேட்டுத் தொலை.

— இங்க வந்து இறங்கினதும் திரும்ப ரத்தம் பாக்கலையா?

— அதை ஏன் நீ கேக்குறே?

— நான் என் சொந்தத் தம்பிகிட்ட ஆடு வாங்கினாலும் வீட்டுக்குக் கொண்டாந்ததும் திரும்ப வாயைத் திறந்து பல்லைப் பாப்பேன். தம்பி மேல சந்தேகம் இல்ல. வழியில என்ன நடந்துச்சோ, யாருக்குத் தெரியும்?

— ரத்தம் எடுத்து வச்சிருக்கோம். உறைபெட்டியில இருக்கு. கடைசியில எல்லாத்தையும் சேத்துப் பாக்கலாம்னு வச்சேன். நேரம் இல்ல. மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு ஓடிட்டு இருந்தேன்.

— நேரம் இல்லையாம். நாலு வருஷம் இருந்துச்சாம், பல்லைப் பாக்க ஒரு நாள் இல்லையாம். நான் முட்டாள், சரி. நீங்க யாரு டாக்டரம்மா?

— போதும்.

— போதும்னா போதும். ஏதோ ஆச்சு. இப்ப என் ஆட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க. உங்களுக்குத்தான் உதவலையே. நான் ஓட்டிட்டுப் போயிடுறேன்.

— அதுங்க வெளிய வராது.

— எப்ப வரும்?

— வராது கல்காலோ. கிருமி ஏத்தின ஆடு உயிரோட இந்தக் கட்டடத்தை விட்டு வராது. இந்த வாரம் ஊசி போட்டுத் தூங்க வச்சிட்டு எரிச்சிடுவோம். எல்லா இடத்துலயும் அதான் சட்டம்.

— சாகலைன்னு தண்டனையா?

— தண்டனை இல்ல. சட்டம்.

— கோணவாய்ச்சியையுமா? வெள்ளமே அவளை விட்டுட்டுப் போச்சு. நீங்க எரிக்கப் போறீங்க. தூ. உங்க படிப்புல மண்ணு விழ. அறுத்துத் தின்னாலும் ஒரு அர்த்தம் இருக்கு.

— கத்தி முடிச்சிட்டியா? முகத்தைத் துடை. கேளு. தலாசோவோட ஆடு இன்னும் இருக்கா?

— இருக்கு. அவ எவனுக்குக் குடுப்பா?

— பதினெட்டும்?

— நான் வீட்டை விட்டு வந்து நாலு நாளாச்சு. வரும்போது பதினெட்டும் இருந்துச்சு, பாதிக்கு மேல சினை. ஏன் கேக்குறீங்க?

— இன்னொரு தடவைக்கு ஊசி மருந்து கையில இருக்கு. தப்பு ஆட்டுல, ஊசியில இல்லன்னு பணம் குடுக்கறவங்களுக்கு எழுதுவேன். ரத்தம் பாத்துச் சுத்தமான ஆடு தயாரா இருக்குன்னு சொன்னா, எட்டு வாரம் பொறுப்பாங்க. மழைக்கு முன்னாடி முடிச்சிடலாம். எனக்கு அந்தப் பதினெட்டு வேணும்.

— அப்ப அவளைக் கேளுங்க. என்னைக் கேக்காதீங்க. நான் இனிமே அந்தப் பட்டிப் பக்கம் கையைக் காட்டினா கை போயிடும்.

— நம்பரைச் சொல்லு. உன் ஃபோன்லயே போடு.

— என் ஃபோன்ல சார்ஜ் இல்ல. உங்கதுல போடுங்க. சத்தமா வைங்க, நானும் கேக்குறேன். அடிக்குதா?

— அடிக்குது. எடுத்துட்டாங்க, பேசு.

— தலாசோ? நான்தான்.

— எந்த நான்? நாலு நாளா ஃபோனை அணைச்சு வச்சிட்டுச் சந்தையில டீ குடிச்சிட்டு இருந்தாரே, அந்த நானா?

— நீ திட்டுவேன்னுதான் அணைச்சு வச்சேன். தலாசோ, இங்க டாக்டரம்மா இருக்காங்க. கேட்டுட்டு இருக்காங்க.

— கேக்கட்டும். எந்த டாக்டரு? என்னைக் கேக்காம என் ஆட்டைக் குத்தின டாக்டரா?

— ஆமாம்மா. நான்தான், கெருபோ. குத்தினது தப்பு. அன்னிக்கே உங்களைக் கேட்டிருக்கணும். இப்பக் கேக்கறேன்.

— அட, டாக்டருக்கு அம்மான்னு கூப்பிடக்கூடத் தெரியுமா? எவ்வளவு காலம் கழிச்சு. என்ன வேணும்?

— உங்களோட அந்தப் பதினெட்டு ஆடும் எனக்கு வேணும். உங்களுக்குச் சம்மதம்னாத்தான். வெள்ளக் காய்ச்சலுக்கு ஊசி செஞ்சிருக்கோம். அது காப்பாத்துதான்னு பாக்க, அந்தக் காய்ச்சலே வராத ஆடு வேணும். இந்தப் பக்கம் முழுக்கத் தேடினாலும் உங்க மலை ஆடு மாதிரி கிடைக்காது.

— எடுத்துட்டுப் போங்க.

— என்ன தலாசோ, உடனே எடுத்துட்டுப் போங்கன்னுட்டே? அன்னிக்கு என் மண்டையைப் பொளக்கப் பாத்தே!

— ஜில்லோ அப்பா, நீ பேசாத. டாக்டரு, வர்றதா இருந்தா இன்னிக்கே வாங்க. நாளைக்கு வந்தா தோலைத்தான் குடுப்பேன்.

— தோலா? ஏன்மா?

— ஆத்துல வெள்ளம் ஏறி மூணு வாரமா பட்டி ஓரம் தண்ணி நிக்குது. இங்க ஒரு சொட்டு மழை இல்ல, மேட்டுல எங்கயோ கொட்டியிருக்கு. இவரு பாத்துட்டுத்தான் போனாரு. வாயத் திறந்தா கொசு உள்ள போகுது. இவரு கிளம்பின மறுநாளே சினை ஆடெல்லாம் குட்டியைத் தள்ள ஆரம்பிச்சிருச்சு. ஒண்ணு பாக்கி இல்ல. எல்லாம் செத்த குட்டி. இப்ப ஆடும் விழுது.

— எந்த ஆடும்மா? எது விழுது?

— நீங்க குத்தின ஆடுதான். நீங்க கேக்குற ஆடுதான். பதினெட்டுல பதினொண்ணு போயிருச்சு. போன வெள்ளத்துல பிழைச்ச இவரோட பழைய வெள்ளாடு நாலு பக்கத்துலயே நிக்குது, அதுங்களுக்கு ஒரு தும்மல் இல்ல.

— செத்த ஆட்டை என்ன பண்ணினீங்க?

— சாகப் போகுதுன்னு தெரிஞ்சா வீணாப் போக விடுவோமா? பக்கத்து வீட்டு வாரியோவைக் கூப்பிட்டு, உயிர் இருக்கும்போதே ஓதி அறுக்கச் சொன்னேன். மூணு ஆடு. நாலு வீட்டுக்குக் கறி குடுத்தேன். மிச்சத்தை நாய் தின்னுச்சு.

— குட்டிகளை யாரு எடுத்தது?

— யாரு எடுப்பா? நானும் போக்காயோவும்தான். பாதியில நின்னுச்சுன்னா கைய விட்டுத்தான் இழுக்கணும்.

— போக்காயோ யாரு?

— என் மூத்த பொண்ணு டாக்டரம்மா. பன்னெண்டு வயசு. தலாசோ, அவ எங்க? அவகிட்ட ஃபோனைக் குடு.

— படுத்திருக்கா. ரெண்டு நாளா காய்ச்சல். கண்ணு கூசுதுன்னு போர்வையை இழுத்து மூடிக்கிட்டா. காலையில பல்லு விளக்கும்போது ஈறுல ரத்தம்னா. குச்சி குத்தியிருக்கும்னு சொன்னேன்.

— குச்சியா தலாசோ?

— வேற என்ன? ஜில்லோ அப்பா? வேற என்னய்யா?

— தலாசோம்மா, நான் சொல்றதை மட்டும் கேளுங்க. அவளைத் தனியா, நிழல்ல படுக்க வையுங்க. தண்ணி குடுத்துட்டே இருங்க. அவ ரத்தத்தையோ வாந்தியையோ வெறுங்கையால தொடாதீங்க. இனிமே ஒரு ஆட்டையும் அறுக்காதீங்க, செத்தாலும் தொடாதீங்க. பாலைக் காய்ச்சாமக் குடிக்காதீங்க. சின்னப் பிள்ளைங்க பட்டிப் பக்கமே போகக் கூடாது. கறி வாங்கின நாலு வீட்டுக்கும் இதையே சொல்லுங்க. மெர்ட்டி ஆஸ்பத்திரிக்கு நான் இப்பவே பேசறேன். நானும் கிளம்பறேன்.

— ஆடு ஏத்துற லாரியோடதானே?

— இல்லம்மா. ஆள் ஏத்துற வண்டியோட. வைக்கறேன்.

— டாக்டரம்மா.

— எழுந்திரு கல்காலோ. வண்டியில பேசலாம்.

— என் அண்ணனுக்கும் ஈறுலதான் ஆரம்பிச்சுச்சு.

— எல்லாரும் போறதில்ல. நிறைய பேர் எழுந்து நடந்திருக்காங்க.

— அந்தப் பேச்சு வேணாம். அவனைக் குழியில இறக்கினது நான். இங்க பாருங்க, இன்னொரு தடவைக்கு மருந்து இருக்குன்னீங்களே. எடுங்க அதை. பெட்டியோட எடுத்துட்டு வாங்க. பையன் ஜில்லோவுக்கும் சின்னவளுக்கும் இன்னும் காய்ச்சல் வரல. போக்காயோவுக்கும் போடுங்க. அந்தக் குறிப்பு, அந்த மின்சாரம், எல்லாம். கால் உதறினா உதறட்டும், நான் புடிச்சுக்கிறேன்.

— அது ஆட்டுக்குச் செஞ்ச ஊசி கல்காலோ.

— ஆடோ ஆளோ, காய்ச்சல் ஒண்ணுதானே? இதுவரைக்கும் என்னைத் திட்டினதெல்லாம் சரி. நான் முட்டாள், நான் திருடன், என்ன வேணா சொல்லிக்கங்க. நீங்க படிச்சவங்க, உங்க காலைப் புடிக்கிறேன், எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த ஊசி காப்பாத்துமா, காப்பாத்தாதா?

— அதைத் தெரிஞ்சுக்கத்தான் கல்காலோ, காய்ச்சல் பாக்காத பதினெட்டு ஆடு உன்கிட்ட கேட்டேன்.